ஜர்மன் அக்கா

அந்த மூட்டையைத் தூக்கப்போய் என் அக்கா மல்லாந்து விழப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவள் ஸ்டோரில் இருந்தாள், நான் தையல் பிரிவில். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகத்தான் போவோம். தோழியின் கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியவள், தான் இல்லாதபோது வந்து இறங்கியிருந்த பக்கிள் மூட்டையை, வழக்கமான கனத்தை எண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். மூட்டை பஞ்சு மாதிரி மேலே வந்துவிட்டது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் தொழிலில் நல்ல செருப்புக்கு ஜர்மன் சில்வர் பக்கிள்தான். பேரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பதெல்லாம் செம்பும் துத்தநாகமும் நிக்கலும். வாய் நோகாமல் 'ஜர்மன்' என்று சுருக்கிவிடுவோம். ஆனால் உருது பேசும் வீடுகளில் ஜர்மன் என்றால் அலுமினியப் பாத்திரம். ஆர்டர் சீட்டில் 'ஜர்மன் பக்கிள்' என்று எழுதியது அக்கா. அந்த முறை புதிதாக வந்த வேலூர் வியாபாரி உருது பேசுகிறவர்; சீட்டைப் படித்துத் தன் வீட்டு வழக்கப்படி அலுமினியத்தை அனுப்பிவிட்டார். இரண்டும் வெள்ளை, இரண்டும் காந்தத்தில் ஒட்டாது. வந்த சரக்கைச் சோதிக்கும் செக்கர் காந்தம் வைத்துப் பார்த்து, இரும்பு இல்லையென்று தையலுக்கு அனுப்பிவிட, பாதிச் செருப்பு தைத்தும் ஆகிவிட்டது. நான் தைத்ததும் அதில் உண்டு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அக்கா பக்கிளின் முள்ளை விரலால் வளைத்தாள். வளைந்தது, அப்படியே நின்றது. பழைய ஜர்மன் சில்வர் பக்கிள் ஒன்றைத் தேடியெடுத்து வளைத்தாள். அதன் முள் அடம்பிடித்துத் திரும்பி வந்தது. தற்காலிகமாக இருந்தவர்களைப் பர்மனெண்ட் செய்யும் பட்டியல் அந்த வாரக் கடைசியில் வரவிருந்தது. இருவருமே அதற்காகக் காத்திருந்தோம். "சும்மா இருக்கா, செக்கரே பாஸ் பண்ணிட்டாரு, சீட்டு வேற உன் கையெழுத்து" என்றேன். சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"இன்னாடி பேசற? நடுரோட்டுல பக்கிள் புட்டுக்கிச்சுன்னா போட்டுனு நடக்கறவ வுழுந்துடுவாளே" என்றாள். அதோடு மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மேனேஜர் பக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பளபளன்னு கீது, வெயிட்டும் கம்மி. உனக்கு இன்னாம்மா பேஜாரு?"

"அலுமினியம் மட்டம்னு சொல்லல சார். சோறாக்க அதான் தோது, சட்டுனு சூடேறும், தூக்க லேசு. இழுத்துப் புடிக்கிற வேலைதான் அதுக்கு ஆவாது" என்றாள். இரண்டு பக்கிளையும் அவர் உள்ளங்கைகளில் கைக்கொன்றாக வைத்தாள். பிறகு, இரண்டும் வேறு உலோகம் என்று காட்ட, பக்கத்தில் தோல் பதனிடும் இடத்திலிருந்து ஒரு குவளை சுண்ணாம்புத் தண்ணீர் வாங்கிவந்து இரண்டையும் அதில் போட்டாள். சிறிது நேரத்தில் அலுமினியம் மட்டும் பொடிப்பொடியாக நுரை விட்டது. வெளியே எடுத்தபோது அதன் பளபளப்பு செத்திருந்தது. மற்றது போட்டபடியே இருந்தது.

அலுமினியப் பக்கிளின் முள்ளை மேனேஜர் தானே வளைத்துப் பார்த்தார், அது வளைந்தபடியே நின்றது. பிறகு, "ஆர்டர் சீட்டு எழுதினது யாரு?" என்றார்.

பழியை வியாபாரி மேல் போடலாம், செக்கரைக் கைகாட்டலாம். "நான்தான் சார். சில்வர்னு எழுதாம வுட்டுட்டேன்" என்றாள் அக்கா. தலை குனியவில்லை.

தைத்ததையெல்லாம் பிரித்தோம். அவளும் எங்களோடு தரையில் உட்கார்ந்து, விரல் வீங்கப் பிரித்தாள். வாரக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. அவள்தான் கடையில் மைசூர்பாகு வாங்கி என் வாயில் திணித்தாள்.

அடுத்த வருஷம் அவளையும் பர்மனெண்ட் ஆக்கினார்கள். அதற்கு முன்பே, எந்த மூட்டை வந்தாலும் "அந்தம்மா கையில வச்சிப் பாத்துச்சா?" என்று கேட்காமல் மேனேஜர் கையெழுத்துப் போடுவதில்லை என்றாகிவிட்டது. கம்பெனி முழுக்க அவளை 'ஜர்மன் அக்கா' என்றது. கேலியாகத் தொடங்கிய பெயர், போகப்போக மரியாதையாகிவிட்டது.

அவளுக்கு ஒரு வருஷம் முன்பே பர்மனெண்ட் ஆனவள் நான். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே தைத்தேன். இப்போதும் ஆம்பூர் பஸ்ஸில் பழைய ஆட்கள் பார்த்தால், "ஜர்மன் அக்கா தங்கச்சிதானே?" என்கிறார்கள். ஆமாம் என்று உரக்கச் சொல்கிறேன், பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.