என் பொய்யும் நைனாவின் பொய்யும்

நாங்கள் நைனா என்று கூப்பிட்ட எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்களுக்கும், அவரிடம் தமிழ் படித்தவர்களுக்கும், கடைசி நாட்களில் உடன் நின்றவர்களுக்கும் இந்த நினைவு மலரை வணக்கத்துடன் தருகிறோம். மூத்தவள் என்ற முறையில் நைனாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டான். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் ஓரிடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போயிருந்தேன். இந்த முறை தாண்டவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா பிறந்தது சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தாத்தா பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். ஐந்து பிள்ளைகளில் பள்ளிக்கூடம் போனவர் நைனா ஒருவர்தான். அதுவும் நடவு வந்தால் நிற்கும், அறுப்பு வந்தால் நிற்கும் படிப்பு. ஆசிரியர் பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, தனியாகவே புலவர் தேர்வுக்குப் படித்தார். ஏரிக்கரைமேல் சைக்கிள் மிதித்துக்கொண்டே செய்யுள்களை உரக்கச் சொல்லிப் பார்ப்பாராம். களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து, "வாத்தியாரு யார்கிட்டியோ சண்ட போட்டுக்கினு போறாரு பாரு" என்று சிரிப்பார்களாம். அந்தப் பெண்களில் ஒருவர் எங்கள் அம்மா.

இரண்டாம் முறை எழுதித் தேறினார். உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்தார். பதினான்கு ஆண்டுகள் அங்கேதான். சுற்றுப்பட்ட ஊர்களில் 'ஐயா' என்றால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

பிழைகளை அவர் சிவப்பு மையால் திருத்தியதில்லை. பென்சிலால் அடியில் ஒரு கோடு போட்டுக் கொடுப்பார். ஒருமுறை ஒரு செய்யுளுக்குப் பொருள் தவறாகச் சொல்லிவிட்டார். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும், "நேத்து நான் சொன்னது தப்பு. எல்லாரும் அத அடிச்சிடுங்க" என்றார். அன்று வராத இரண்டு பேரின் வீட்டுக்கு மாலையில் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "இதுக்கா ஐயா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டார்களாம். இப்படிப்பட்டவருடைய வார்த்தையை யாரும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் அந்தப் பள்ளியில் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இனி எழுதப்போவது இந்த நம்பிக்கையால்தான் நடந்தது.

நான் அந்தப் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்புப் படித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பெண்கள் இரண்டு இடத்தில் உட்காருவோம். பள்ளிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம். தண்ணீர்த் தொட்டி ஓரம் இன்னொரு கூட்டம். இன்னார் இங்கேதான் உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் தொட்டி ஓரம்தான். வேப்பமரத்தடிக்குத் தலைவி மாதிரி இருந்தவள் மல்லிகா. அரிசி மில்லுக்காரரின் மகள். நன்றாகச் சிரிப்பாள். அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை இப்போது எழுதும்போதுகூட முகம் சுடுகிறது. என் அப்பா அதே பள்ளியில் ஐயா. அது எனக்குப் போதவில்லை.

அரையாண்டுத் தேர்வு வந்தது. எங்கள் வகுப்புத் தமிழ்க் கேள்வித்தாளை நைனாதான் எழுதினார். படியெடுக்க ஸ்டென்சில் வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அது அவருடைய தோல்பையில் இருந்தது. பையை அவர் பூட்டியதில்லை, எங்கள் வீட்டில் எதற்கும் பூட்டு இல்லை. சனிக்கிழமை அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எனக்காக இல்லை, தமிழில் நான் எப்படியும் முதல் மதிப்பெண்தான். திங்கட்கிழமை அந்தத் தாளை மல்லிகாவின் கையில் கொடுத்தேன். "யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். அவள் என் தோளில் கை போட்டாள். அதற்காகத்தான் கொடுத்தேன்.

தேர்வு நடக்கும்போது டிரில் மாஸ்டர் மல்லிகாவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்துவிட்டார். கேள்விகள் வரிசை மாறாமல் இருந்தன.

"கீழ கெடந்துச்சி சார், எடுத்தேன்" என்றாள் மல்லிகா. அதற்குமேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை.

மறுநாள் காலை அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நைனா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எம் பொண்ண ஏன் சார் புடிக்கிறீங்க? கேள்வி எழுதனவரு வூட்லர்ந்துதான வெளிய வந்துகீது? அவரு பொண்ணும் அதே கிளாஸ்தான?" என்றார் மில்லுக்காரர். அவர் சொன்னது அத்தனையும் சரி.

பெரிய சார் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ எழுதிக் குடுத்தியா?"

"இல்ல சார்" என்றேன். நைனாவைப் பார்க்கவில்லை. பெரிய சாரின் மேசையில் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இதுல இன்னா சார் கஷ்டம்? அந்தப் பொண்ணு நோட்ட எடுத்தாந்து பக்கத்துல வெச்சிப் பாருங்க. தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார் மில்லுக்காரர்.

பெரிய சார் நோட்டைக் கேட்கவில்லை. தாளை நைனாவிடம் நீட்டினார். "ஐயா, எல்லாப் பசங்க கையெழுத்தும் உங்களுக்குத் தெரியும். நீங்களே பாத்துச் சொல்லுங்க. இது உங்க பொண்ணு எழுதுனதா?"

நைனா தாளை வாங்கினார். எனக்கு அ, ஆ எழுதக் கற்றுக் கொடுத்தவர் அவர். 'ழ' எழுதும்போது வாலை நீளமாகக் கீழே இழுத்துவிடுவேன். எத்தனையோ முறை பென்சிலால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தத் தாளில் எத்தனை 'ழ' இருந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எங்க பொண்ணு கையெழுத்து இல்லீங்க" என்றார்.

"ஐயாவே சொல்லிட்டாரு. அப்புறம் நோட்டு எதுக்கு?" என்று பெரிய சார் தாளை வாங்கி மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். மில்லுக்காரரும் கிளம்பிவிட்டார். அவருக்கும் ஐயா சொன்னால் சரிதான். அன்று உண்மை தெரிந்திருந்தால் டி.சி. கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து உயர்நிலைப் பள்ளிவரை வந்த முதல் பெண் நான். அது நைனாவுக்குத் தெரியும்.

நைனா புதிய கேள்வித்தாள் எழுதினார், எல்லோரும் மறுபடி தேர்வு எழுதினோம். மல்லிகா என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாள். "உக்காரு. உன் பேர நான் சொல்லவேயில்ல" என்றாள். உட்கார்ந்தேன். நான்கு நாள் அங்கே சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் தொட்டி ஓரத்துக்கே திரும்பிப் போய்விட்டேன்.

வீட்டில் நைனா என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வழக்கம்போலத் தமிழ்க் கட்டுரை நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. "இனிமே நீயே பாத்துக்கோம்மா" என்றார். அதன்பிறகு கடைசிவரை என் நோட்டை அவர் தொட்டதில்லை. தம்பியின் நோட்டைத் திருத்துவார். நான் அதே விளக்கின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் தானே எழுதிக் கேட்டு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். கடலோரத்தில் ஒரு பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். "பதினாலு வருஷம் இருந்த எடம், இன்னாத்துக்கு வுட்டுப் போறீங்க?" என்று அம்மா அழுதார். "போதும்" என்று மட்டும் சொன்னார். அவரைத் துரத்திவிட்டார்கள் என்று நம் உறவில் பலர் இன்றும் நினைக்கிறீர்கள். யாரும் துரத்தவில்லை.

புதிய பள்ளியிலும் பிள்ளைகள் அவரை விடவில்லை. பழைய மாணவர்கள் சிலர், நல்லாசிரியர் விருதுக்கு அவர் பெயரை எழுதிப் போடலாம் என்று வீட்டுக்கு வந்தார்கள். "வேணாம்பா. அதுக்கு நான் லாயக்கு இல்ல" என்றார். அடக்கத்தால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் படித்துச் செவிலியர் ஆனேன். கல்லீரல் கெட்டு நைனா படுத்தபோது விடுப்புப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஒரு காலையில் அவருக்கு முகம் துடைத்துவிடும்போது, "நைனா, அந்தக் கேள்வித்தாளு..." என்று தொடங்கினேன்.

"தாளப் பாத்ததும் தெரிஞ்சிப் போச்சிம்மா" என்றார்.

"என்னாலதான நைனா நீங்க பொய் சொன்னீங்க?"

"உன் தப்பு வேற, என் தப்பு வேற. ரெண்டையும் ஒண்ணாச் சேக்காத." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பெரிய சாரப் பாத்துச் சொல்லிடணும்னு இருந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு வாட்டி போனேன். திரும்பி வந்துட்டேன்."

பன்னிரண்டு நாள் கழித்து நைனா போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு நான் பெரிய சாரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்றுத் திருமுக்கூடலில் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். தெரிந்திருக்கவில்லை.

"ஐயாவா?" என்றார். "ஐயாவா அப்பிடிச் சொன்னாரு?"

என்மேல் அவர் கோபப்படவில்லை. கையில் இருந்த ஏதோ ஒன்றைத் தொலைத்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனாவை எல்லோரையும்விட அதிகமாக மதித்த மனிதரிடம் நைனாவைக் குறைத்துவிட்டேன். ஏன் வந்தோம் என்று இருந்தது.

கிளம்பும்போது தெருமுனைவரை வந்தார். "மலர் போடப் போறீங்கன்னு உன் தம்பி சொன்னான். இத எழுதப் போறியா?"

"எழுதலாமான்னு தெரியல சார்."

"எழுது. ஆனா ஐயா பொய் சொன்னாருன்னு ஆரம்பிக்காத. நீ பொய் சொன்னன்னு ஆரம்பி. உன்னுது முன்னால, அவருது பின்னால."

அப்படியே எழுதியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முழுவதும் கேட்டுவிட்டு, "அதான் உன் நோட்டத் தொடாம இருந்தாரா? நான் அவரு கிட்டதான் கோச்சிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "அப்பிடியே போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நைனாவை மருத்துவமனைக்குத் தம் வண்டியில் கொண்டுபோன எங்கள் தெரு இளைஞர்களுக்கும், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், கடலோரப் பள்ளியிலிருந்து பஸ் பிடித்து இறுதி ஊர்வலத்துக்கு வந்த ஆசிரியர்களுக்கும், உண்மையைக் கேட்டபின்னும் என்னைத் தெருமுனைவரை வந்து வழியனுப்பிய பெரிய சாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. நான் தவறு செய்தபோதும் என் பெயரைச் சொல்லாத மல்லிகா எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அவளுக்கும் நன்றி.

நினைவு நாளன்று வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் கொடுப்பவள் நான்தான். படித்தபின் கேட்கத் தோன்றினால், நேராக என்னிடமே கேளுங்கள். இந்த முறை இல்லை என்று சொல்லமாட்டேன்.