சின்னக்குழந்தை மந்திரி

சின்னக்குழந்தைக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. புதூர்நாட்டுக்குத் தெற்கே, இருபத்தெட்டு வீடுகள் உள்ள அந்த மலையூரில், நேற்றுப் பேசப் பழகிய பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது. மந்திரி என்றுதான் கூப்பிடும். கேலி இல்லை. அது அவருடைய பதவி.

அந்த ஊர்களில் கவுண்டர் என்றால் ஊர்த்தலைவர், அவருக்கு அடுத்தவர் மந்திரி. கவுண்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்ப்புச் சொல்வார், மந்திரி நடப்பார். பஞ்சாயத்துக்கு ஆள் கூப்பிடுவதும் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்துக்குச் சொல்வதும் சாவுச் செய்தி கொண்டுபோவதும் அவர் வேலை. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை கல்யாணத்தில். பந்தலில் வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு, "ஊருக்குச் சம்மதமா?" என்று மந்திரி மூன்று தடவை கேட்க வேண்டும். ஊர் மூன்று தடவையும் சம்மதம் சொன்ன பிறகுதான் தாலி. கேட்காமல் கட்டினால் அதை அங்கே தாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கயிறு என்பார்கள்.

அப்பாவுக்குப் பிறகு இருபத்தைந்தாவது வயதில் சின்னக்குழந்தைக்கு இந்தப் பதவி வந்தது. ஆள் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். பாம்பைக் கண்டால்கூட யோசித்துத்தான் ஓடுவார். ஆனால் நேர்மை விஷயத்தில் ஊரையே எரிச்சல்படுத்துவார். ஒரு தடவை அவருடைய ஆடு பக்கத்துக் கொல்லையில் சாமைக் கதிரை மேய்ந்துவிட்டது. கொல்லைக்காரன் போனால் போகிறது என்று விட்டுவிட்டான். இவர் விடவில்லை. "சின்னக்குழந்தை மேல பிராது, பொழுது சாய வந்துருங்க" என்று தானே இருபத்தெட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பஞ்சாயத்தே நடக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அறுபத்தேழாம் வருஷம் மார்ச் மாதம் சோதனை வந்தது. ஓட்டுப் போட்ட விரல்களில் மை இன்னும் முழுசாக அழியவில்லை. கடுக்காய் மூட்டையை ஜீப்பில் ஏற்றிவிடப் புதூர்நாட்டுக்குப் போயிருந்த அர்ச்சுனன், அங்கே டீக்கடை ரேடியோவில் கேட்டதைத் தலைதெறிக்க ஓடிவந்து ஊர் நடுவில் சொன்னான்.

"பழைய மந்திரிங்க எல்லாம் வேலய வுட்டுட்டாங்களாம்! புதுசா மந்திரிசபை வச்சிட்டாங்களாம்!"

இருபத்தெட்டு வீட்டுக் கண்களும் சின்னக்குழந்தை பக்கம் திரும்பின.

சிரிக்க வேண்டாம். மெட்ராசில் மந்திரிகள் இருப்பது அவர்களுக்கும் தெரியும். கீழே மணியக்காரருக்கு மேல் தாசில்தார், அவருக்கு மேல் கலெக்டர் என்று அடுக்கடுக்காக இருக்கிறார்கள் அல்லவா? அதே மாதிரி இந்த மந்திரிக்கு மேலே பெரிய மந்திரிகள் இருப்பதாக நினைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கீழ்நாட்டில் ஜமீன் ஒழிந்தபோது ஜமீன்தாரோடு கடைசிக் காவல்காரன் வரைக்கும் வீட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். தலை போனால் வால் மட்டும் நிற்குமா என்று அவர்கள் கேட்டால் யார் என்ன பதில் சொல்வது?

அவர் மனைவி வெள்ளையம்மாளுக்கு மட்டும் இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஒனக்கு வேல குடுத்தது அவங்களாய்யா? புடுங்கறதுக்கு அவங்க யாரு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எனக்குக் கவுண்டர் குடுத்தாரு. கவுண்டருக்கு யாரு குடுத்தாங்க? அது தெரியலியே."

சாதாரண நாளாக இருந்தால் இதை மெதுவாக யோசித்துக்கொண்டே ஒரு மாதத்தைக் கடத்தியிருப்பார். ஆனால் வருகிற திங்கட்கிழமை பூங்கோதைக்குக் கல்யாணம். புருஷனை இழந்த அம்மாக்கண்ணு ஒற்றை ஆளாகக் காடு திருத்தி வளர்த்த ஒரே பெண். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வேறு இடம் பார்த்துவிட்டு அரைமனதோடு ஒத்துக்கொண்டவர்கள். நாள் தள்ளிப்போனால் அதையே சாக்காக வைத்துக் கழன்றுவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். அம்மாக்கண்ணு வந்து அவர் வாசலில் நின்றாள்.

"மந்திரி, நீங்க வந்து தட்டப் புடிங்க. போதும். பதவி இருக்குதா இல்லியான்னு யாரு பாக்கப்போறாங்க?"

"இப்ப பாக்க மாட்டாங்க தாயி. நாளைக்கு ஒரு சண்ட வந்தா பாப்பாங்க. பதவி போன வாயால கேட்ட சம்மதம் செல்லாதுன்னு எவனாவது சொல்லிட்டா, ஒம் பொண்ணு எங்க போவும்?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. கவுண்டரோ மந்திரி இல்லாமல் கல்யாணம் நடத்தி நமக்குப் பழக்கமில்லை என்று கையை விரித்துவிட்டார். சின்னக்குழந்தைக்கு அன்று களி இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷமாகத் தான் இந்தப் பதவியைச் சுமப்பதாக நினைத்திருந்தார். அது இல்லாவிட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தார். பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். புதூர்நாடு வரை நடை, திருப்பத்தூருக்கு ஜீப், அங்கிருந்து பஸ். வாணியம்பாடியில் தோல் பதனிடுகிறவர்களுக்குக் கடுக்காய் வாங்கிக் கொடுக்கும் மஜீத் பாய் பேப்பர் படிக்கிறவர். அவருக்குத் தெரியாத விஷயம் இருக்காது என்பது மலையில் எல்லோருடைய நம்பிக்கை.

"வாங்க மந்திரி, வாங்க! இன்னா இவ்ளோ தூரம்?"

"அப்பிடிக் கூப்புடாதீங்க பாய். மொதல்ல பேப்பரப் பாத்துச் சொல்லுங்க, என் வேல இருக்குதா போச்சா?"

முழுக் கதையையும் கேட்டு முடிக்கும் வரை மஜீத் பாய் பொறுமையாக இருந்தார். பிறகு மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், மலையிலிருந்து இதற்காகவே ஒருவர் இறங்கி வந்திருக்கிறாரே என்று தோன்றியதோ என்னவோ, டீ வரவழைத்தார், பேப்பரை எடுத்து விரித்தார். முதல் மந்திரியில் தொடங்கிப் புது மந்திரிசபையில் ஒவ்வொருவர் பெயரையும் அவருக்குக் கொடுத்த இலாகாவையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். படிப்பு, தொழில், விவசாயம், ரோடு, ஆஸ்பத்திரி.

சின்னக்குழந்தை ஒவ்வொரு பெயருக்கும் குறுக்கே கேட்டார்.

"இவரு எத்தன ஊருக்கு நடக்கணும்?"

"நடக்க மாட்டாருங்க. கார்ல போவாரு."

"கல்யாணத்துல வெத்தலத் தட்டு?"

"இவங்க யாரும் புடிக்க மாட்டாங்க. கூப்புட்டா வந்து மால போட்டுட்டுப் போவாங்க."

"சாவு சொல்றது?"

"அது இவங்களுக்கே யாராவது வந்து சொல்லணும்."

சின்னக்குழந்தை டீயை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"சரி, எங்க மலைக்கு யாரு?"

மஜீத் பாய் பட்டியலை மேலிருந்து கீழே இன்னொரு தடவை பார்த்தார். "மலைக்குன்னு தனியா யாரும் இல்ல. காட்டு இலாகா இதுல ஒருத்தர்கிட்ட இருக்கும்."

"காடு சரி பாய். காட்டுக்குள்ள இருக்கற ஜனங்களுக்கு?"

மஜீத் பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

"இன்னொன்னு மந்திரி. இந்தப் பேப்பர்ல மந்திரின்னே போடல. அமைச்சர்னு போட்டிருக்கு. நல்ல தமிழாம், இனிமே அப்பிடித்தான் சொல்லணுமாம்."

"அப்ப மந்திரிங்கற பேரு அவங்களுக்கு வேணாமா?"

"வேணாம்னுட்டாங்கன்னுதான் வச்சிக்குங்களேன்."

சின்னக்குழந்தை எழுந்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, போய்ட்டு வர்றேன் பாய் என்றார். அன்றே திருப்பத்தூர் வந்து, மறுநாள் ஜீப்பில் இடம் கிடைக்காமல் பாதி வழி நடந்தே மலையேறினார். வந்ததும் முகம் கழுவிக்கொண்டு வழக்கம்போல வீடு வீடாகப் போனார். பஞ்சாயத்து கூடியது. அம்மாக்கண்ணு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ போய் விசாரிச்சிட்டேன்" என்று தொடங்கினார் சின்னக்குழந்தை. "அவங்க வேற, நாம வேற. அவங்க கார்ல போறவங்க. இப்ப அந்தப் பேரையும் மாத்திக்கினாங்க. அமைச்சராம்."

"அப்ப மந்திரி?" என்றார் கவுண்டர்.

"மந்திரி இங்கதான்."

கூட்டத்தில் ஒரே சிரிப்பும் கூச்சலும். அம்மாக்கண்ணு சிரித்துக்கொண்டே அழுதாள். சின்னக்குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும் வரை நின்றார்.

"இன்னொன்னும் கேட்டேன். படிப்புக்கு ஒருத்தரு, ரோட்டுக்கு ஒருத்தரு, எல்லாத்துக்கும் வச்சிருக்காங்க. நம்ம மலைக்கு யாருன்னு கேட்டேன். பாய் ரெண்டு வாட்டி தேடிப் பாத்தாரு. யாரும் இல்லியாம்."

கவுண்டர்தான் கேட்டார்.

"அதுக்கு இன்னா பண்றது, மந்திரி?"

"ஒருத்தர வைக்கட்டும். வைக்கிற வரைக்கும் நான் நடக்கறேன்."

திங்கட்கிழமை பந்தலில் தட்டை ஏந்தி, மூன்று தடவை கேட்டார். பூங்கோதை கழுத்தில் ஏறியதைத் தாலி என்று ஊர் சொன்னது.

அதன்பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார் சின்னக்குழந்தை. கீழே மூன்று தடவை மந்திரிசபை மாறியது. ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கடைசி வரைக்கும் கேட்பார். கேட்டு முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல நடந்துபோவார்.