பறியின் வாயைக் கட்டிய நேரம்

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டால், கரையேறும்வரை வாய் நம்முடையது இல்லை. இரண்டு கைகளும் சேற்றுக்குள் இறாலைத் தடவிக்கொண்டிருக்கும். அகப்பட்டதை மோவாய்க்குக் கீழே தொங்கும் அந்த ஓலைக்கூடையில் போட்டுக்கொண்டே நகர வேண்டும். பேச முடியாது என்பதால் எங்கள் பெண்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். அவ்வப்போது ஒருத்தி உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கித் தட்டுவாள். ஜோடிக்காரி பதிலுக்குத் தட்ட வேண்டும். பதில் வரவில்லையா, பறியை அப்படியே துப்பிவிட்டு அவளிடம் ஓட வேண்டும். உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டுவதற்கு முன்பிருந்தே எங்களுக்கு இதுதான் முறை. எனக்கு ஜோடி என் அண்ணி.

அண்ணிக்கு வலிப்பு இருந்தது. எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று சாய்ந்தாள். கண் மேலே செருகிக்கொண்டது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. எனக்கு அப்போது பதினாறு வயது. கொஞ்ச நேரத்தில் அவளே கண் விழித்து, என் வாயைத்தான் முதலில் பொத்தினாள். “யாருகிட்டயும் சொல்லிடாத பாப்பா. உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா என்னிய அம்மா வூட்டுக்கே அனுப்பிடுவாரு” என்று அழுதாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். அந்த வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவள். அவளை விட்டுக்கொடுப்பேனா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வலிப்பு வந்து தெளியும்போதும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “இன்னா ஆச்சு பாப்பா, சொல்லு.” நான் சொல்லியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாள், வேலியோரம் யார் போனார்கள், அடுப்பில் சோறு பொங்கியதா, எல்லாம். சின்ன விஷயத்தைக்கூட விடக் கூடாது. “முன்னாடி ஒரு துண்டு இருக்குது, பின்னாடி ஒரு துண்டு இருக்குது. நடுவுல நான் எங்க போறேன்னே தெரியலடி. அந்த நடுத்துண்டு உங்கிட்டதான் இருக்குது” என்பாள். இறாலுக்கு இறங்குவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. “நீதான் பக்கத்துல இருக்கியே, எனக்கு இன்னா?” என்று சிரிப்பாள். இன்னொருத்தியின் நினைவையே என் பொறுப்பில் விட்டிருக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்குப் பெருமையாக இருந்தது. பாரம் என்று தோன்றவேயில்லை.

அன்று காலையில் கோட்டைக் கொடிமரத்தில் கொடி ஏறியிருந்தது. கப்பல் வந்திருக்கிறது என்று அர்த்தம். கோட்டைச் சமையற்காரன் பெரிய இறாலாகக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். எனக்கு எப்போதும் மற்றவர்களில் பாதிகூட அகப்படாது என்பதால், மற்ற பெண்கள் கரையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “இவ கைய பாத்தா இறாலு சிரிக்கும்டி” என்றாள் ஒருத்தி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி அப்போது மூன்று மாதக் கர்ப்பம். “நீ வர வேணாம்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜோடி இல்லாமல் என்னை யார் இறங்க விடுவார்கள்?

இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்து தடவிக்கொண்டே போனபோது சேற்றில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. உள்ளே விரலை விட்டால், அடேயப்பா, ஒன்றின் மேல் ஒன்றாக இறால், ஒவ்வொன்றும் விரல் தடிமன். அள்ளினேன். நடுவில் ஒரு தட்டுத் தட்டினேன். பதில் வரவில்லை. இதை நான் எத்தனையோ விதமாக மாற்றி யோசித்துப் பார்த்துவிட்டேன்: காற்றுச் சத்தத்தில் விழாமல் போயிருக்கும், அவள் மெதுவாகத் தட்டியிருப்பாள் என்றெல்லாம். பொய். பதில் வரவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே இன்னும் இரண்டு கை அள்ளினேன். அதன் பிறகும் பறியைத் துப்பவில்லை. வாயிலிருந்து எடுத்து, இறால் ஒன்றுகூடத் துள்ளிப் போகாதபடி பறியின் வாயை இறுக்கிக் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். அண்ணி குப்புறக் கிடந்தாள். அவளுடைய பறி தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

எப்படி இழுத்து வந்து மேட்டில் போட்டேன் என்று தெரியாது. முதுகில் அறைந்தேன், வயிற்றை அமுக்கினேன், மாரியாத்தா மாரியாத்தா என்று கத்தினேன். தண்ணீர் தண்ணீராகக் கக்கிவிட்டு அண்ணி கண்ணைத் திறந்தாள். நீலம் பாரித்த உதட்டை அசைத்து, “இன்னா ஆச்சு பாப்பா?” என்றாள்.

“நீ தட்டல அண்ணி. ஒடனே பறிய போட்டுட்டு ஓடியாந்தேன்.”

கட்டிய பறி என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மசக்கை மயக்கம் என்று ஊர் நம்பியது. நான்காம் நாள் கரு கலைந்தது.

அதனால்தான் கலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அண்ணி முடிவு கட்டிவிட்டாள். நோயை மறைத்துத் தண்ணீரில் இறங்கியது தன் குற்றம் என்று. அதற்குப் பிறகு அவளுக்குக் கரு தங்கவேயில்லை. “நான்தான் பாவி, என் புள்ளைய நானே தண்ணிக்குக் குடுத்தேன்” என்று எத்தனை வருடம் என் மடியில் தலை வைத்து அழுதிருப்பாள்! என் வாயிலிருந்து நான்கு வார்த்தை வந்திருந்தால் அந்தப் பாவத்தில் பாதியாவது அவளை விட்டு இறங்கியிருக்கும். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆனது, மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூவரையும் வளர்த்தவள் அவள்தான். சீச்சீ, என்ன ஜென்மம் நான்!

போன ஐப்பசியில் அண்ணி படுத்த படுக்கையானாள். பார்க்க வந்த பெண்களிடம் பழைய கதையைச் சொன்னாள். “தட்டு கேக்கலன்னதும் பறிய வீசிட்டு ஓடியாந்தா என் நாத்தனாரு. இல்லன்னா நான் ஏது?” அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “புள்ளைய மட்டும் நான் காப்பாத்தல” என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து, என் கைகளையே பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம், இரண்டு கை இறால், கட்டிய முடிச்சு, ஒன்றையும் விடவில்லை. உன் பிள்ளையைக் கொன்றது நான்தான் அண்ணி என்றுகூடச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு அவளை என் பக்கம் திருப்பினேன். கண் மேலே செருகியிருந்தது. விரல்கள் இழுத்துக்கொண்டிருந்தன. எப்போது ஆரம்பித்ததோ தெரியவில்லை.

ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிட்டேன். வெகு நேரம் கழித்துத் தெளிந்தாள். என் முகத்தைத் தேடிப் பிடித்து, “இன்னா ஆச்சு பாப்பா? ஏதோ சொல்லிக்கினு இருந்தியே” என்றாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா பேசிக்கினு இருந்தேன்” என்றேன்.

அவள் நம்பினாள். எட்டு நாளில் போய்ச் சேர்ந்தாள். பதினாறு வயதில் நான் சொன்ன பொய் பயத்தில் வந்தது. இந்தப் பொய்யை, முழு நினைவோடு, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.