கூட்டாளி என்று சொன்னது

1943ஆம் வருஷம் அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். விடாத தூறல். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் முதல் பஸ்ஸில் முப்பத்தொரு பேர் ஏறியிருந்தார்கள். நான் இரண்டு தரம் எண்ணினேன்.

"என்னா கண்டக்டரு, ஆளுங்கள எண்ணியாச்சா? இல்ல கொசுவயும் எண்ணணுமா?" என்றார் டிரைவர்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் பஸ் கரியில் ஓடிய காலம். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. அதற்குக் கரி போட்டு, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத ஒருவர் வேண்டும். எங்கள் வண்டியில் அந்த வேலை செய்தவர் வானூர்ப் பக்கத்துக்காரர், நிலம் இல்லாதவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். மாதம் பன்னிரண்டு ரூபாய். வீட்டில் ஐந்து பேர் அதில்தான் கேப்பைக் கூழ் குடித்தார்கள்.

டிரைவரையும் என்னையும் ஷெட்டில் 'ஜோடி' என்பார்கள். எந்த ஜோடி எந்த வண்டி என்றுதான் பலகையில் எழுதுவார்கள். அந்தப் பலகையில் கரி போடுகிறவர் கிடையாது. அவர் 'கரி ஆள்'. நானும் அப்படியே சொன்னேன். "ஆள் வந்தாச்சா?" என்று கேட்டு விசில் ஊதுவேன். எட்டு மாதத்தில் எனக்கு அது உறுத்தியதில்லை.

அன்று கரி நனைந்திருந்தது. மூன்று மூட்டை ஏற்றியிருந்தோம். மூட்டைக்கு ஆறு கூடை. வழக்கமாகப் போக ஆறு கூடை, வர ஆறு கூடை, ஒரு மூட்டை மிஞ்சும். அன்று வண்டி கூட்டேரிப்பட்டில் ஒரு முறையும் விக்கிரவாண்டியில் இரண்டு முறையும் நின்றுபோனது. விக்கிரவாண்டியில் மட்டும் நாற்பது நிமிஷம். அவர் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக் கரிமேல் போர்த்திவிட்டு, வெற்று முதுகில் மழை விழக் கைப்பிடியைச் சுற்றினார். உள்ளங்கையில் மூன்று கொப்புளம். போகும்போது பத்துக் கூடை, வரும்போது எட்டு. மிச்சம் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திண்டிவனம் ஆபீசில் மேனேஜர் அவரையும் என்னையும் கூப்பிட்டார். விக்கிரவாண்டியில் நின்ற நேரத்தில் கரி போடுகிறவர் ஒரு மூட்டையை விற்றுவிட்டார் என்பது புகார்.

"பதினெட்டுக் கூடையும் அடுப்புலதாங்க போச்சு, நான் எண்ணினேன்" என்றேன். என் எண்ணிக்கையில் மேனேஜருக்கு நம்பிக்கை உண்டு. நோட்டில் பதினெட்டு என்று எழுதவும் தொடங்கிவிட்டார். அப்புறம் நிமிர்ந்து, "இவனுக்காக நீ ஏன் இப்படிப் பேசற? இவன் உனக்கு என்னா வேணும்?" என்றார்.

வாய்க்கு வந்த சொல் 'ஆள்'தான். பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கொப்புளம் உடைந்திருந்தது. அவர் காது கேட்க அந்தச் சொல்லைச் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை.

"கூட்டாளிங்க" என்றேன்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார். "அப்படிச் சொல்லு! எண்ணினது ஒரு கூட்டாளி, வித்தது ஒரு கூட்டாளி. பங்கு எவ்வளவுப்பா?"

"அய்யோ, அந்த அர்த்தத்துல சொல்லலீங்க. கூட வேலை செய்யறவரு…"

"நேத்து வரைக்கும் கரி ஆளு. இன்னிக்கி 'செய்யறவரு'வா?" பதினெட்டை அடித்துவிட்டு, 'கூட்டாளி என்று ஒப்புக்கொண்டான்' என்று எழுதினார். வண்டிக்காரர்கள் டீக்கடையில் சிநேகிதனைக் கூட்டாளி என்பார்கள். கடை வைத்தவர்கள் முதல் போட்டவனை அப்படிச் சொல்வார்கள். போலீஸ்காரர்கள் திருட்டில் துணை போனவனைச் சொல்வார்கள். மேனேஜர் மூன்றாவதை எடுத்துக்கொண்டார்.

கரி போட்டவரை அப்போதே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. கணக்குத் தெரிந்த கண்டக்டர் கிடைப்பது கஷ்டம். என் சித்தப்பா மேனேஜருக்குத் தெரிந்தவர் என்பதும் இருந்தது.

வெளியே அவர் என்னைத் திட்டவில்லை. "ஏங்க, ஆளுன்னே சொல்லிக்கினு போயிருக்கலாமில்ல? எட்டு மாசமா அப்டித்தான சொல்லிக்கினு இருந்தீங்க. நான் என்னிக்காச்சும் கோச்சிக்கினேனா?"

"மரியாதைக்குச் சொன்னேம்பா."

"மரியாதய எடுத்துக்கினு போயி அடுப்புல வெக்கச் சொல்றீங்களா?"

அப்போதும் நான் அவரை 'பா' என்றுதான் சொன்னேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது. அவர் வானூர்ச் சாலையில் நடந்து போனார். எனக்குப் பதினொன்றரை மணி வண்டி இருந்தது.

மறுவாரம் மேனேஜருக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். 'சகா' என்று எழுதினேன்; புத்தகத்தில் வருகிற சொல், அதற்கும் சிரிப்பார். 'உடன் வேலை செய்பவர்' என்று எழுதினேன். அதைச் சொல்லித்தான் ஏற்கெனவே கேலி வாங்கியாயிற்று. 'ஆள்' என்று எழுதினால் ஒருவேளை பதினெட்டுக் கூடையை நம்புவார்கள். அதை எழுதவும் எழுதினேன். ஆனால் நேற்று கூட்டாளி, இன்று ஆளா என்று கேட்டால் என் வேலையும் போகும் என்று பயந்து மூன்று காகிதத்தையும் கிழித்துப் போட்டேன். மனு போகவில்லை.

அவருக்கு அந்த மாதம் வேலை செய்த நாட்களின் கூலி முழுதும் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம், கூட்டாளி என்ற முறையில், ஒரு மூட்டைக் கரியின் விலையில் சரிபாதி பிடித்தார்கள்: இரண்டு ரூபாய் ஆறணா.