ராமாமிர்தத்தின் தாழ்ந்த வீடு

2003 ஜூன் 12: மனை, ரூ. 41,000.
2005 ஜனவரி 20: கைப்பம்பு, ரூ. 6,800.
2023 மார்ச் 9: சாக்கடை இணைப்புக்கு முன்பணம், ரூ. 8,000.

மூன்றும் ராமாமிர்தம் அம்மாள் தினமும் பண்ருட்டிக்குப் பஸ்ஸில் போய் முந்திரி உடைத்துச் சேர்த்த பணம். கடலூரை ஒட்டி, வயலாகக் கிடந்த எங்கள் குடியிருப்பில் முதல் வீடு அவருடையது. பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் அவர் பம்புத் தண்ணீரில்தான் வீடு கட்டினோம்.

மழைநீர் தேங்குகிறதென்று, குடியிருப்போர் சங்கச் செயலாளரான நான் மனு மேல் மனு போட்டுத் தெருவை இரண்டு முறை உயர்த்த வைத்தேன். மற்றவர்கள் வீட்டையும் உயர்த்திக்கொண்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாளான ராமாமிர்தத்தால் முடியவில்லை. மழைக்கு மழை தெருத் தண்ணீர் உள்ளே இறங்கி, அவருடைய கழிவுத் தொட்டி வாசலில் வழிந்தது. நகரத்துக் குடிநீரோடு சாக்கடைக் குழாயும் வந்தால் தீரும் என்று காத்திருந்தார்.

வந்த ஃபிட்டர் மட்டம் பிடித்துப் பார்த்தார். "அம்மா, உங்க கக்கூசு ரோட்டுக் குழாய்க்குக் கீழ கெடக்கு. கனெக்‌ஷன் குடுத்தா தெருவுதெல்லாம் உங்க ஊட்டுக்குத்தான் வரும்."

ராமாமிர்தம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா மாமா, ரோட்ட ஒசத்துனீங்களே, அப்பிடியே என்னையும் தூக்கி வச்சிருக்கக் கூடாதா?"

அவர் வீட்டுக்கென்று, தெருக்கோடியில் தாழ்வாகப் போகும் குழாயில் சேரும்படி ஆழமாக ஒரு கிளைக் குழாய் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். ஐப்பசி மழையில் வாசல் மறுபடி நிறைந்தது. கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு, சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கிளைக் குழாய்க்கு அனுமதி தந்த கடிதம் 2024 பிப்ரவரி 6 அன்று வந்தது.