பை இல்லாத கோட்

பாங்காக் ஓட்டல் அறையில் அண்ணாச்சி சூட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அது அவருடைய கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. இரண்டு, அன்றிலிருந்து அண்ணாச்சி ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். நடுப் பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது.

“இப்ப என்ன செய்ய, மேனேஜரே?”

“புதுசா தைக்கணும் அண்ணாச்சி. நாளைக்கு ராத்திரி விருந்து.”

அண்ணாச்சி எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி. எம். புதுப்பட்டியில் ஃபாக்டரி. நான் அங்கே நிர்வாக மேனேஜர். லைசென்ஸ் புதுப்பிப்பது, இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பதில் சொல்வது, விதிமுறைகளை எழுதிச் சுவரில் ஒட்டுவது என் வேலை. அவற்றை யாராவது படிக்கிறார்களா என்று கவலைப்படாமல் இருப்பதும்தான்.

விருந்து கொடுப்பவர், பாங்காக்கில் வியாபாரக் கண்காட்சிக்கு வந்திருந்த ஓர் ஐரோப்பிய இறக்குமதிக் கம்பெனியின் கொள்முதல் தலைவி. அவர்கள் ஊரில் கோடைக்காலக் கல்யாணங்களில் கம்பி மத்தாப்பு பிடிப்பார்களாம். அந்த ஆர்டர் எங்களுக்கு வேண்டும். தீபாவளி முடிந்ததும் மத்தாப்பு ஷெட்டைப் பூட்டிவிடுவோம். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மறுபடி திறக்கும் வரை கூலி கிடையாது. ஆர்டர் வந்தால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதில்லை. அழைப்பிதழில் ‘கோட் அணிந்து வரவும்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

தையல் கடை

ஓட்டலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரே நாளில் சூட் தைத்துத் தரும் கடை. கடைக்காரர் பினாங்குத் தமிழர். அண்ணாச்சி வழக்கம்போல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். பேன்ட் உயரத்தை ஷூ போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும் என்று சொல்லி, ஓட்டலுக்குத் திருப்பி அனுப்பி ஷூவோடு வரவழைத்தேன். அளவு எடுத்த பிறகு பிரித்துத் திருத்தக்கூடிய கச்சாத் தையலில் ஒரு டிரையல், முடித்த தையலில் ஒரு டிரையல் என்பதையும் பேசி வைத்தேன். நேரம் இல்லை என்பதற்காக முறையை விட முடியாது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணாச்சி சொன்னார்: “தம்பி, பை வேணாம்.”

“எந்த பாக்கெட் அங்கிள்?”

“எல்லாந்தான்.”

எங்கள் ஃபாக்டரி கேட்டில் வாட்ச்மேன் முனியாண்டி எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. முதலாளிக்கும் அதே சோதனை. அதனால் அண்ணாச்சி சட்டையில் பை வைப்பதையே விட்டிருந்தார். அது புதுப்பட்டிக்கான வழக்கம், பாங்காக்குக்கு அல்ல என்று சொல்லிப் பார்த்தேன்.

“பை இருந்தா கை அங்கன போகும் மேனேஜரே. போன கை எதையாச்சும் வச்சிட்டுத்தான் வரும்.”

கடைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். “அங்கிள், பாக்கெட் இல்லாம கோட் போட்டா ஆஸ்பத்திரி பேஷன்ட் மாதிரி இருக்கும் லா. என் கடை பேரு கெட்டுடும்.”

கடைசியில் ஒரு சமரசம். வெளியே பைக்குரிய மூடிகள் இருக்கும். உள்ளே பை இருக்காது.

விருந்து

சூட் அருமையாக அமைந்திருந்தது. அடிப் பொத்தானைப் போடக் கூடாது என்பதை மட்டும் நான் காதில் சொல்ல வேண்டியிருந்தது. விருந்து கொடுத்த அம்மையார் தம் விசிட்டிங் கார்டை நீட்டினார். அண்ணாச்சி வாங்கினார், கோட்டு மூடியைத் தடவினார், வைக்க இடமில்லை. சூப் குடித்து முடிக்கும் வரை இடது கையில் கார்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அம்மையார் காரணம் கேட்டார். கேட் சோதனையைப் பற்றி அண்ணாச்சி சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“உங்களையுமா சோதிப்பார்கள்?”

“என்னையத்தான் மொதல்ல.”

நான் தயாராக வைத்திருந்த சான்றிதழ் ஃபைலைத் திறந்தேன். அம்மையார் விதிமுறைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவிட்டார். ஃபைலை எல்லாரும் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஒருநாள் சொல்லாமல் வந்து பார்ப்பேன், ஆர்டர் அதைப் பொறுத்தது என்றார்.

கேட்

சீசன் மும்முரத்தில் ஒரு மதியம் அம்மையார் ஃபாக்டரி வாசலில் வந்து நின்றார். முழுக்கப் பருத்தி உடை. என் விதிமுறையைப் படித்துவிட்டு வந்த முதல் விருந்தாளி. அண்ணாச்சி விருதுநகரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போன் போட்டேன். வீட்டம்மாவின் கட்டாயத்தில் போட்டிருந்த அதே சூட்டோடு காரில் பறந்து வந்தார்.

முனியாண்டியின் கை கோட்டு மூடியில் நின்றது. “இதைத் திறங்க முதலாளி.”

“அது திறக்காதுய்யா. சும்மா அழகுக்கு வச்சது.”

“உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒண்ணுமில்லங்கேன்ல?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக.” கோட்டின் உட்புறத்தைப் பிரித்துத் தடவினார். “வழுவழுங்குது. இது பருத்தியா?”

பருத்தி இல்லை. லைனிங் பாலியஸ்டர். ஷெட்டுக்குள் பருத்தி தவிர வேறு துணி வரக் கூடாது. உராய்ந்தால் பொறி கிளம்பும். அந்த விதியை எழுதியவன் நான்தான். ஆனாலும் ஆர்டர் கண்ணெதிரே நிற்கிறதே என்று மெதுவாகச் சொன்னேன்: “முனியாண்டி, அந்தம்மா பாக்காக. இன்னைக்கு ஒருநாள் விடுங்க.”

“அந்தம்மா பாக்குறதுக்குத்தான சார் வந்திருக்காக?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார். பேன்ட்டும் கம்பளி என்று தெரிந்ததும் வாட்ச்மேன் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது இடுப்பில் முனியாண்டியின் கைலி இருந்தது, கட்டம் போட்டது.

என்ன நடக்கிறது என்று அம்மையார் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஒளித்து என்ன பயன்? கைலி கட்டிய முதலாளியோடு ஒவ்வொரு ஷெட்டாகச் சுற்றினார். காருக்குத் திரும்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பிவிட மாட்டீர்களே?”

“அவரை அனுப்பத் துணிச்சல் உள்ளவர் இங்கே யாரும் இல்லை” என்றேன்.

தீபாவளிக்குப் பிறகும் மத்தாப்பு ஷெட் திறந்திருந்தது.

நிர்வாக வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. விதி எழுதினால் முதலாளிக்கும் சேர்த்து எழுதுங்கள். எழுதிய கையோடு, கேட் அறையில் துவைத்த பருத்தி வேட்டி ஒன்றும் தயாராக வையுங்கள்.