ஆறு நாள் கப்பல்

பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பயண முகவர் கடை. கர்க்லாண்ட் பகுதியில் தன் வீட்டில் என்னைத் தங்கவைத்திருக்கும் அண்ணை, தனக்கும் அண்ணிக்குமாக வடகரையோரம் போகும் இந்த ஆண்டின் கடைசிக் கப்பலுக்கு இரண்டு இடம் பதிகிறார். கறுத்த பாறையையும் பனிமூட்டத்தையும் பார்க்க ஆறு நாள். பாறையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நண்டு எத்தனை வேளை தருவார்கள் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

கைபேசியில் நாட்காட்டி பார்த்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்கிறார்.

"இஞ்சாருங்கோ, இது கந்தசஷ்டிக் கிழமை."

அண்ணையின் முகத்தில் திடீரென்று பக்தி வருகிறது. "கடலில போறவைக்கு விரதம் இல்லையப்பா."

"ஆர் சொன்னது?"

அவர் உதவிக்கு என்னைப் பார்க்கிறார். நான் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரப் படத்துப் பனிக்கரடியைப் பார்க்கிறேன்.

"வேற கிழமை பாக்கலாமே அண்ணி?" என்கிறேன்.

"வேண்டாம், இதுதான் நல்லம். கரையில எண்டால் கோயிலுக்கெண்டு வெளிக்கிட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் திண்டுபோட்டு வருவார். கப்பலில எங்க ஒளிக்கிறார் எண்டு பாப்பம்."

உணவுப் படிவத்தில் அண்ணி பிரெஞ்சில் எழுதுகிறார்: இருவருக்கும் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும்.

அதை வாசித்த முகவர்ப் பெண், உங்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பரிவோடு கேட்கிறாள்.

அண்ணை மெல்லக் கையை உயர்த்துகிறார்.